செட்டும் ரன்னும்

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 20 தொகுதிப் பதிப்பு 1989இல் வந்தபோது, அதில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்குத்தான். ஏறத்தாழ 430 பொருள்கள். இப்போது நடந்துவரும் திருத்தத்தில் அந்த இடத்தை ‘ரன்’ பிடித்துவிட்டது: 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

செட்டுக்கு வேர்ப்பொருள் இருத்துவது, ரன்னுக்கு ஓடுவது. ரயிலும் ஆலையும் பிறகு கணினி நிரலும் வந்ததில் ரன் பெருத்தது. ஆனாலும் பயணம் கிளம்புவதற்குச் செட்டைத்தான் சொல்கிறார்கள். இடம்விட்டு அசையாத வேலி ரன் ஆகிறது!

ரன்னுக்கு ஈடாக நம்மிடம் ‘ஓடு’ உண்டு. பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பிழைப்பும் எப்படியோ ஓடுகிறது. செட்டுக்கு அப்படி ஒரு சொல் இல்லை. ஜெல்லி உறைகிறது, சிமென்ட் இறுகுகிறது, மரம் பிஞ்சு பிடிக்கிறது, பொழுது சாய்கிறது. அங்கே இத்தனைக்கும் செட். ஆகவே 430, 645 என்று எண்ணிக்கை காட்டி ஆங்கிலத்தின் வளத்தை மெச்சுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. ஒரே ஆள் தலையில் எல்லா வேலையையும் கட்டுவது வளமாகாது.

பெயர்ச்சொல்லாகச் செட்டை நாமே வாங்கிக்கொண்டோம். பம்பு செட், பல் செட், செட் தோசை. ‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகலை’ என்பதை ஓர் ஆங்கிலேயரிடம் அப்படியே சொன்னால் விழிப்பார்.

அமெரிக்க வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார். பிரிட்டனில் நிற்கிறார்கள், நம்மவரும் நிற்கத்தான் செய்கிறார். பத்திரிகையை அவர்கள் ஓட்டுகிறார்கள், நாம் நடத்துகிறோம். (இந்த இதழைப் பொறுத்தமட்டில் நடப்பதே பெரிய காரியம்.)

இவ்வளவும் சொல்லக் காரணம், நமக்கு வரும் மொழிபெயர்ப்புகள். செட் கண்ட இடமெல்லாம் ‘அமை’, ரன் கண்ட இடமெல்லாம் ‘இயக்கு’. கைபேசி ‘அலாரத்தை அமை’ என்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவர் அலாரம் வைக்கிறார். கதையில் வரும் பெண் மளிகைக் கடையை ‘இயக்குகிறாள்’. கடை வைத்திருக்கிறாள் என்றால் போதாதா? அடுத்த இதழுக்கு மொழிபெயர்ப்பு அனுப்பும் நண்பர்கள், இந்த இரண்டு சொற்களையும் தங்கள் பிரதியில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.