சிக்கனத்தைச் சந்தேகிக்கும் விசா

மைசூரின் கோகுலம் பகுதிக்கு அஷ்டாங்க யோகம் பயில வரும் வெளிநாட்டவர் பலர் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். யோக ஆசான் பட்டாபி ஜோயிஸின் புகழால் தொடங்கிய வரத்து அது. அவர் 2009-இல் மறைந்த பிறகும் நிற்கவில்லை. வாடகை அறை, உள்ளூர்ச் சாப்பாடு, வாடகை ஸ்கூட்டர் என்று அவர்கள் நாட்டில் ஒரு வாரத்துக்கு ஆகும் பணத்தில் இங்கே நெடுநாள் ஓட்டிவிடலாம். இந்தியா அவர்களுக்கு 2014 நவம்பரிலிருந்து இணையவழி விசா தருகிறது. பெரும்பாலும் ஒரு புகைப்படமும் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கமும் போதும். எந்த அலுவலகத்திலும் போய் நிற்க வேண்டியதில்லை. ஓராண்டு, ஐந்தாண்டு செல்லுபடியாகும் விசாகூட உண்டு. அதே பழைய மைசூர் மாவட்டத்தில் இருந்து, இப்போது சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போய்விட்ட ராமாபுரத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கும் ஊர். அங்கிருந்து ஓர் இளைஞர் ஓராண்டுக்குக் குறைந்த செலவில் உலகைச் சுற்ற நினைத்தால் அவருக்கு முதல் தடை பணமல்ல, விசா. பணத்தைக் குறைவாகச் செலவழிப்பவர், வேலையை விட்டுவிட்டு நீண்ட நாள் போகிறவர் என்ற இரண்டு தன்மைகளுமே அவருக்கு எதிரான சாட்சியங்களாகிவிடுகின்றன. இன்றைய விசா முறை ஏழையைத் தடுப்பதோடு நிற்பதில்லை, சிக்கனமானவரையும் தடுக்கிறது. நீண்ட பயணத்துக்குத் திட்டமிடுபவர் கணக்குப் போட வேண்டியதும், நம் அரசு பிற நாடுகளிடம் பேச வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

வெளிநாடு போக விரும்பிய இந்தியருக்கு முன்பு இரண்டு கதவுகள் பூட்டியிருந்தன. ஒன்று நம்முடையது. 1967 வரை பாஸ்போர்ட் என்பது அரசு மனம்வைத்தால் தரும் சலுகை. அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் அதைக் கண்டித்த பிறகே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில், வெளிநாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்பது உறுதிப்பட்டது. அந்த எழுபதுகளில் வெறும் 8 டாலரைக் கையில் கொண்டு விமானம் ஏறியவர்கள் உண்டு. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அப்படி. 2004-இல் ரிசர்வ் வங்கி தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விதியைத் தளர்த்தியது. அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் என்ற திட்டம் நாட்டில் முதன்முதலில் தொடங்கிய ஊர்களில் மைசூரும் ஒன்று. நாள் 2017 ஜனவரி 25. ராமாபுரத்துக்காரர் இன்று மைசூர்வரை போய் 1,500 ரூபாய்க் கட்டணத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடலாம். உள்நாட்டுக் கதவு ஐம்பது ஆண்டுகளில் அநேகமாகத் திறந்துவிட்டது. வெளிக்கதவுதான் இன்னும் அடைத்தே கிடக்கிறது. ஐரோப்பாவுக்குக் கைரேகை கொடுக்க பெங்களூர், அமெரிக்க நேர்காணலுக்குச் சென்னையோ ஹைதராபாத்தோ என்று பயணம் தொடங்குமுன்பே சில பயணங்கள். ஹென்லி பாஸ்போர்ட் தரவரிசையின்படி இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா தேவைப்படாத நாடுகள் ஏறத்தாழ 60. சிங்கப்பூர்க்காரருக்கு அது 190-க்கும் மேல்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கொண்டுபோகும் கோப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. கடந்த சில மாதங்களின் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, முதலாளி கையெழுத்திட்ட விடுப்புக் கடிதம், எந்தத் தேதியில் எந்த ஊர் என்ற நிரல், ஒவ்வோர் இரவுக்கும் தங்கும் இடம், திரும்பி வரும் டிக்கெட் முன்பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. இத்தனை காகிதமும் பதில் சொல்லும் கேள்வி ஒன்றே: நீங்கள் திரும்பிப் போவீர்களா? அமெரிக்கச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. அதன் 214(பி) பிரிவு, சுற்றுலா விசா கேட்கும் எவரையும் நிரந்தரமாகக் குடியேற வருபவர் என்றே முதலில் கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விண்ணப்பதாரர் பாடு. பத்து நாள் லீவில் நட்சத்திர ஹோட்டலில் தங்கிச் சுற்றிவிட்டு வரும் மேலாளருக்கு இந்த நிரூபணம் எளிது. நான்கு ஆண்டு சேமித்து, வேலையை விட்டு, பத்து மாதம் மலிவாகச் சுற்றப் போகிறவரிடம் விடுப்புக் கடிதம் இருக்காது. அறிந்தவர் வீட்டிலும் தர்மசாலையிலும் தங்கினால் முன்பதிவுச் சீட்டு இருக்காது. எந்த ஊர் பிடிக்குமோ அங்கே இரண்டு வாரம் கூடுதலாக இருக்கலாம் என்று நினைத்தால் தேதி நிரலும் இருக்காது. காசி யாத்திரை போகிறவர்களுக்காக நகரத்தார் அங்கே சத்திரம் கட்டி வைத்த சமூகம் நம்முடையது. குறைந்த செலவில் மெதுவாக நெடுந்தூரம் போவது நமக்குப் புதிதல்ல. அந்தப் பயண முறைக்கு விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் காலமும் இடமும் சார்ந்தது. நீண்ட பயணத் திட்டங்கள் பலவும் இங்கேதான் உடைகின்றன. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன் விண்ணப்பிக்க முடியாது. சட்டப்படி வசிக்கும் நாட்டிலிருந்தே விண்ணப்பிக்கவும் வேண்டும்; தக்க காரணம் காட்டினால் மட்டுமே விலக்கு. அப்படியானால் ஜனவரியில் கிளம்பி, தென்கிழக்கு ஆசியாவையும் மத்திய ஆசியாவையும் தரைவழியாகக் கடந்து, செப்டம்பரில் ஐரோப்பாவுக்குள் நுழைய நினைக்கும் இந்தியர் என்ன செய்வார்? வீட்டிலிருக்கும்போது கேட்டால் காலம் முந்திவிட்டது. பாங்காக்கிலோ அல்மாட்டியிலோ கேட்டால் நீங்கள் இங்கு வசிப்பவரில்லை என்பார்கள். பாதிப் பயணத்தில் ஊருக்கு வந்து, கைரேகை கொடுத்து, பாஸ்போர்ட்டைச் சில வாரம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்து, மறுபடி விமானம் ஏற வேண்டும். சிக்கனப் பயணத்தின் சேமிப்பெல்லாம் அந்த இரண்டு டிக்கெட்டுகளில் கரைந்துவிடும். ஜெர்மானியப் பயணிக்கு இந்தக் கவலை பெரும்பாலான நாடுகளில் இல்லை. ‘தினமும் இவ்வளவு டாலரில் உலகைச் சுற்றலாம்’ என்று சொல்லும் வழிகாட்டி நூல்கள் அவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றின் கணக்கு நமக்குப் பொருந்தாது.

நம்மவர் யார் எப்படிப் போனார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மைசூரைச் சேர்ந்த கிருஷ்ண குமார், பெருநிறுவன வேலையை விட்டு, 2018 ஜனவரியில் தன் தாய் சூடாரத்னாவைப் பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வாழ்நாள் முழுக்கக் கூட்டுக் குடும்பத்துக்கு உழைத்த தாய், அக்கம்பக்கத்துக் கோயில்களைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னதே காரணம். தன் சேமிப்பிலிருந்து செலவழித்து, மடங்களிலும் ஆசிரமங்களிலும் தங்கி, இந்தியா முழுக்கப் போனார்கள். நம் காலத்தில் சிக்கனமான நெடும்பயணத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்த ஸ்கூட்டர் எல்லை தாண்டியது நேபாளம், பூட்டான், மியான்மர் நாடுகளுக்கு. முதல் இரண்டுக்கும் இந்தியருக்கு விசா வேண்டியதில்லை. மூன்றாவதற்கு மணிப்பூரின் மோரே வழியான தரைவழி 2018 ஆகஸ்டில் முறைப்படி திறந்தது. அவர்கள் வேறெங்கும் போக விரும்பினார்களா என்பது இங்கே கேள்வியில்லை. வேலையில்லாத மகனும் முதிய தாயும் தேதி நிரல் இல்லாமல் ஒரு ஸ்கூட்டரில் வந்தால் ஏற்கும் நாடுகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. கொச்சியில் காபிக் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியின் வழி இன்னொன்று. நாளுக்கு 300 ரூபாய் சேமித்தும், பற்றாததற்குக் கடன் வாங்கித் திரும்பி வந்து அடைத்தும் 26 நாடுகள்வரை பார்த்தார்கள். 2021-இல் ரஷ்யா போய் வந்த சில வாரங்களில் விஜயன் காலமானார். மனம் நிறைந்து போற்ற வேண்டிய வாழ்க்கை. அவை சுற்றுலாக் குழுக்களோடு போன குறுகிய பயணங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சொந்தக் கடை, குறித்த தேதியில் திரும்பும் குழு, கட்டணம் கட்டிய ஹோட்டல் என்று விசா அலுவலர் எதிர்பார்க்கும் எல்லாம் அதில் இருந்தன. கடன் வாங்கிப் போன குறுகிய பயணத்தை ஏற்கும் முறை, சேமித்துப் போகும் நீண்ட பயணத்தைத்தான் சந்தேகிக்கிறது.

ஆகவே திட்டமிடுபவர் உலகப் படத்தை வைத்துத் தொடங்கக் கூடாது. விசா நாள்காட்டியை வைத்துத் தொடங்க வேண்டும். வேலையில் இருக்கும்போதே, சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே, நீண்ட காலம் செல்லுபடியாகும் விசாக்களைக் கேட்டுவிடுவது நல்லது. அமெரிக்கச் சுற்றுலா விசா பொதுவாகப் பத்தாண்டுக்குக் கிடைக்கிறது. அது அமெரிக்காவுக்கு மட்டும் பயன்படுவதில்லை: செல்லுபடியாகும் அமெரிக்க விசாவைக் காட்டினால் மெக்சிகோவும் ஜார்ஜியாவும் தனி விசா கேட்பதில்லை, துருக்கி இணையவழி விசா தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் இந்தியருக்கென ஒரு தளர்வை அறிவித்தது. மூன்றாண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவர்க்கு ஈராண்டு விசா, பிறகு ஐந்தாண்டு விசா. சிறு பயணங்களைச் செய்து வரலாற்றைச் சேர்த்தால்தான் பெரும் பயணத்துக்கு வழி பிறக்கும் என்பதே இதன் பொருள். விசா இல்லாத நாடுகளை மட்டும் நம்பி ஓராண்டைத் திட்டமிடுவது ஆபத்து. செர்பியா 2017-இல் தந்த சலுகையை 2023 ஜனவரியில் திரும்பப் பெற்றது. ஈரான் 2024 பிப்ரவரியில் விசா இல்லாமல் வரச் சொன்னது. வேலை ஆசை காட்டி இந்தியரைக் கடத்திய சம்பவங்களுக்குப் பின் 2025 நவம்பரில் அதை நிறுத்தியது. தாய்லாந்து எதிர்த்திசையில் போய், விசா இல்லாமல் தங்கும் காலத்தை 2024 ஜூலையில் 60 நாளாக நீட்டியது. கையில் ஒரு மாற்று வழியும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கான பணமும் எப்போதும் இருந்தாக வேண்டும்.

விசாக் காலம் முடிந்தும் தங்கிவிடுபவர்கள் இருக்கிறார்களே, கேள்வி கேட்பது அந்த நாடுகளின் உரிமையல்லவா என்பார்கள். உரிமைதான். யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்காத நாடு உலகில் இல்லை. ஆனால் கேட்கும் கேள்வி ஆளை அறிய உதவுகிறதா என்பது வேறு விஷயம். 2024-இல் இந்தியர்கள் கொடுத்த ஷெங்கன் விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கு மேல்; மறுக்கப்பட்டவை ஏறத்தாழ 1,65,000. மறுத்தாலும் கட்டணம் திரும்பாது, அது அந்த ஆண்டு ஜூனிலிருந்து 90 யூரோ. மறுக்கப்பட்டவர் எல்லோரும் தங்கிவிட நினைத்தவர்கள் என்று எவரும் நிறுவவில்லை. காகிதம் சரியாக இருப்பவர் திரும்பி வருவார் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. தங்கிவிடத் தீர்மானித்தவர் ஏஜென்ட் மூலம் கோப்பைக் கச்சிதமாகத் தயாரித்துவிடுவார். பொய்க் கடிதம் வாங்க மனமில்லாத நேர்மையாளர்தான் மாட்டிக்கொள்கிறார். 1962-இல் பெங்களூரில் பேசி முடிவெடுத்து, டெல்லி ராஜ்காட்டிலிருந்து அணு ஆயுத எதிர்ப்புக்காக நடந்து கிளம்பிய சதீஷ் குமாரும் இ.பி. மேனனும் வினோபா பாவேயின் அறிவுரைப்படி பணமே எடுத்துச் செல்லவில்லை. மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என நான்கு அணு ஆயுதத் தலைநகரங்களையும் அடைந்தார்கள். இன்றைய கோப்பில் அவர்கள் எந்தப் பேங்க் ஸ்டேட்மென்டை வைப்பார்கள்?

உலகம் சுற்றுவது வசதியுள்ளவர்களின் ஆசை, அதற்காக அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி இன்னும் கடுமையாக வரும். காபிக் கடைத் தம்பதியும் ஸ்கூட்டர் தாயும் இதற்குப் பதில். வசதியுள்ளவருக்கு இந்தத் தடை பெரிதல்ல. அது இறுக்குவது நடுத்தர, கீழ்நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைத்தான். நாமும் சுத்தமானவர்களில்லை என்று சொல்பவர்களின் வாதம் எனக்கு அதிகம் உறைக்கிறது. ராமாபுரம் இருக்கும் அதே ஹனூர் தாலுகாவில் ஒடெயர்பாளையத்தருகே திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. மைசூர் மாவட்டத்து பைலகுப்பேயில் இன்னும் பெரியது. அங்கே பிறந்து கன்னடமும் தமிழும் பேசும் பலருக்கு இன்றும் பாஸ்போர்ட்டுக்குப் பதில் மஞ்சள் அட்டை போட்ட அடையாளச் சான்றிதழ்தான். இந்தியாவுக்கே திரும்பி வரத் தனி அனுமதி முத்திரை வேண்டும். 1950-க்கும் 1987-க்கும் இடையே இங்கு பிறந்த திபெத்தியர் இந்தியக் குடிமக்களே, பாஸ்போர்ட் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் சொல்ல வேண்டியிருந்தது. பிறரிடம் தாராளம் கேட்கும் நாடு தன் எல்லைக்குள் பிறந்தவர்களிடம் அதைக் காட்டியாக வேண்டும். அதற்காகக் கேட்பதையே நிறுத்திவிட வேண்டியதில்லை.

கேட்பதற்கான மேசையும் இருக்கிறது. பிரிட்டனோடு 2021-இலும் ஜெர்மனியோடு 2022-இலும் இத்தாலியோடு 2023-இலும் இந்தியா இடப்பெயர்வு உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டது. மாணவர், தொழில்வல்லுநர், திரும்ப அனுப்பப்படுபவர் என எல்லோரும் அவற்றில் இருக்கிறார்கள். தன் பணத்தில் ஊர் பார்க்க வரும் சாதாரணப் பயணிக்கு இடமில்லை. 18 முதல் 30 வயதுள்ளவர்க்கு, வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற ஆஸ்திரேலியா 2024-இல் இந்தியருக்கு ஒரு விசாவைத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. விண்ணப்பித்தவர்கள் சுமார் 40,000. அத்தனை பேருக்குப் பின்னாலும் ஒரு திட்டமும் கொஞ்சம் சேமிப்பும் இருக்கும். இனி எந்த நாட்டோடு பேசினாலும் வெளியுறவு அமைச்சகம் மூன்று விஷயங்களை வைக்கலாம்: விடுப்புக் கடிதத்துக்குப் பதில், நாளொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்ட சேமிப்பை ஏற்பது, முந்தைய விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர் வழியிலுள்ள மூன்றாம் நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்க அனுமதிப்பது, மறுத்தால் கட்டணத்தில் பாதியையாவது திருப்பித் தருவது. கோகுலத்தில் தங்கிப் படிக்க வரும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கு நாம் ஏற்கெனவே தந்திருப்பது இவற்றைவிட அதிகம்.