இடமில்லை என்று பதிவுகளை அழிக்கலாமா?

எண்ணூர் முகத்துவாரத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கடலோரக் குழாயில் அமோனியா கசிந்தது. இத்தகைய ஊரில் ஆலைகளின் புகைபோக்கி அளவீடுகள் மக்களின் சாட்சியம். நாளை திருவொற்றியூர்க்காரர் தன் மூச்சுத்திணறலுக்குக் காரணம் கேட்டால் அவைதான் பதில் சொல்லும். சர்வரில் இடமில்லை என்று அவற்றை அழிப்பதை ஏற்கவே முடியாது. ஸ்டோரேஜில் வால்யூமைப் பெரிதாக்கி, புதிய அளவைச் சர்வர் உணரச் செய்து, பார்ட்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் நீட்டினால் போதும். கடைசிப் படியை விட்டால் வாங்கிய இடம் காட்டில் எறித்த நிலாதான்.

வேலை நின்றுபோகும் என்பார்கள். லினக்ஸில் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டையும் பெரும்பாலும் ஓடும்போதே விரிக்கலாம். பேக்கப் மட்டும் முதலில் கட்டாயம். செலவு என்பது நியாயமான மறுப்பு. அதற்கும் பழைய ஆண்டுகளை மலிவான டேப்புக்கு மாற்றலாமே தவிர, அழிக்கத் தேவையில்லை.