இருக்கும்போதே கேளுங்கள்!

பங்குனியில் நம்பெருமாள் ஜீயபுரம் வருவது ஏன்? பேரனுக்காகக் காத்திருந்த பாட்டியின் கையால், பேரன் உருவில் அரங்கனே வந்து சாப்பிட்டான் என்பது ஐதிகம். அவள் உயிரோடு இருக்கும்போதே தேடி வந்தான்!

நாம் என்ன செய்கிறோம்? திருச்சி கொண்டாடிய தியாகராஜ பாகவதரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட படம். 1944-ல் கொலை வழக்கில் கைதானார், 1947-ல் விடுதலை. பிறகு வந்த படங்கள் ஓடவில்லை. கூட்டமும் கலைந்தது. 1959 நவம்பர் 1-ல் கண்ணை மூடினார். திருச்சியில் அவருக்கு மணிமண்டபம் திறந்தது 2023-ல்!

மண்டபம் வேண்டியதுதான். மாலையும் போடுவோம். ஆனால், நொடிச்சுப்போன கலைஞர் ஒருவர் நம்ம தெருவிலேயே இருந்தால்? இன்றே கதவைத் தட்டி, "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேளுங்கள். செத்த பிறகு கேட்டால் பதில் வராது!