கடமை போதும் என்பவருக்கு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் அண்மையில் மேடையேறிய ஒருவர், 1789 ஆகஸ்ட் 26-இல் பிரெஞ்சு தேசிய மன்றம் நிறைவேற்றிய மனித, குடிமக்கள் உரிமைப் பிரகடனத்தை ஒரே மூச்சில் தூக்கி எறிந்தார். வெள்ளைக்காரன் தனக்காக எழுதிக்கொண்டதாம். அடிமைகளை வைத்துக்கொண்டே சமத்துவம் பேசிய பித்தலாட்டமாம். நம் சமுதாயத்துக்குக் கடமை போதுமாம், உரிமை இறக்குமதிச் சரக்காம். கைதட்டலும் கிடைத்தது. அதனால்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பிரகடனத்தின் 17 பிரிவுகளில் அடிமை ஒழிப்பு பற்றி ஒரு சொல் இல்லை. அதை எழுதிய அவை பெண்ணுக்கு வாக்குரிமை தரவில்லை. ஏழை ஆணுக்கும் தரவில்லை. 1794-இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தபோது அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மொரிசியஸின் தோட்ட முதலாளிகள் பணிய மறுத்தார்கள். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரியிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் அத்தீவில் அடிமைகளாகக் கிடந்தார்கள். சட்டத்தை அமல்படுத்த 1796-இல் வந்த அதிகாரிகளை முதலாளிகள் கப்பலேற்றித் துரத்தினார்கள்.

ஏன் துரத்தினார்கள்? வெறும் பித்தலாட்டத்துக்கு எந்த முதலாளியும் அஞ்சுவதில்லை. இந்தக் கேள்வியைப் பேச்சாளர் கேட்கவே இல்லை. யாரை ஒதுக்கினார்களோ அவர்களே அந்தப் பிரகடனத்தைக் கையில் எடுத்தார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஒலாம்ப் தெ கூஜ் 1791-இல் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார். அதே ஆண்டு பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஹைட்டியின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804-இல் தனி நாடே கண்டார்கள். புதுச்சேரியில் தொப்பாஸ் எனப்பட்ட கலப்பினத்தார் எங்களையும் குடிமக்களாக ஏற்றுக்கொள் என்று 1790-லேயே மனுக் கொடுத்தார்கள். அதே ஊரில் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் வரக் கூடாதென்று தடுத்தார் ஒரு நீதிபதி. பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் 1873-இல் வென்றார் அந்தத் தமிழர். இவர்களெல்லாம் யாருடைய சரக்கைச் சுமந்தவர்கள்?

பேச்சாளர் நின்ற மண்ணுக்கு வருவோம். பட்டர்வொர்த் அமைந்துள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. 1910-இல்தான் அந்த ஒப்பந்த முறைக்கு முடிவு வந்தது. அந்தக் கூலிக்குக் கடமையில் குறைவே இல்லை. விடிந்தது முதல் அடையும் வரை கடமைதான். இல்லாதிருந்தது உரிமை மட்டுமே. 'கடமை போதும்' என்பது துரைமார் பேச்சு. அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் முன்னால் ஒரு தமிழர் அதைச் சொன்னது வெட்கக்கேடு.

உரிமை இன்றும் தேவைதான். சட்டப்படியன்றி எவரையும் பிடித்து அடைக்கக் கூடாது என்கிறது பிரகடனத்தின் 7-ஆம் பிரிவு. நம் கூட்டரசு அரசமைப்பின் 5-ஆம் பிரிவும் ஆளின் சுதந்திரத்தைக் காக்கிறது. ஆனாலும் 2007 டிசம்பரில் இந்து உரிமை நடவடிக்கைக் குழுவான இண்ட்ராஃபின் தலைவர்கள் ஐவர், விசாரணையே இல்லாமல், இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். இசா 2012-இல் ஒழிந்து, பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டமான சொஸ்மா வந்தது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று சொல்லிப் பன்னிருவரைப் பிடித்தார்கள். பிணை மறுக்கும் சொஸ்மாவின் 13-ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரண் என்று அவ்வழக்கில் உயர் நீதிமன்றமே நவம்பரில் சொன்னது. 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அதுவரை அவர்கள் சிறையில் கழித்த மாதங்களுக்கு யார் பொறுப்பு?

அந்தப் பன்னிருவரின் வீட்டு வாசலில் போய் நின்று, உரிமை நமக்கு வேண்டாம் என்று இவர் சொல்லட்டும் பார்க்கலாம்.