விடுதலைத் தீர்ப்போடு அரசின் கடன் தீர்வதில்லை

2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளைஞரும் இளம்பெண்ணும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஒருவருக்கு 2018-இல் தூக்கு தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சடலத்திலிருந்து எடுத்த மாதிரிகள் தடயவியல் ஆய்வகம் போய்ச் சேர ஏன் தாமதமானது, இடைப்பட்ட நாட்களில் அவை யார் பொறுப்பில் இருந்தன என்பதற்கு அரசுத் தரப்பிடம் சரியான விளக்கம் இல்லை. அந்த மாதிரிகளைக் காட்டித்தான் ஒரு மனிதரின் கழுத்துக்குக் கயிறு கேட்டிருந்தார்கள்.

மரபணு மாதிரிகளை 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், கைமாறும் ஒவ்வோர் இடத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று நாடு முழுமைக்கும் அத்தீர்ப்பு உத்தரவிட்டது. இழப்பீடு பற்றியும் பேசியது. ஆனால் அதற்குச் சட்டம் செய்யும் பொறுப்பைச் சட்டமியற்றுவோரிடமே விட்டது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

தவறாகச் சிறையில் அடைக்கப்பட்டவருக்கு இழப்பீடு உரிமையாகக் கிடைக்க வேண்டும், நீதிபதியின் இரக்கத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

இன்று நடப்பது என்ன? மகாராஷ்டிரத்தின் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு ஒரு கொலை வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்கு என்று தீர்ப்பளித்தது. 2019 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. உயிர் தப்பிய சாட்சி, போலீஸ் காட்டிய படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் தேடவில்லை. 16 ஆண்டுச் சிறைக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கிடைத்தது. அதுவும் நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியதால்தான். சட்டப் புத்தகத்தில் உள்ளதோ, காரணமில்லாமல் கைது செய்ய வைத்தவர் தர வேண்டிய அதிகபட்சம் 1,000 ரூபாய். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அந்தத் தொகை மாறவில்லை. ஒரு நாள் ஜாமீன் அலைச்சலுக்கே அது காணாது.

2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில் தனிச் சட்டம், சிறப்பு நீதிமன்றம், பணத்தோடு மனநல உதவியும் தொழிற்பயிற்சியும் எனத் தெளிவாகவே பரிந்துரைத்தது. அதை ஒன்றிய அரசு சட்டமாக்க வேண்டும். அதுவரை தமிழ்நாடு அரசு காத்திருக்க வேண்டியதில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு இங்கே ஏற்கெனவே இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசின் பிழையால் பாதிக்கப்பட்டவருக்கும் அப்படியொன்றை ஏற்படுத்தலாம்.

மாநில அரசு தன் கையாலேயே திருத்தக்கூடியது இன்னொன்றும் உண்டு. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14-ஆம் விதியில் உள்ள ஒரு விளக்கத்தின்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர் காவல் பணித் தேர்வில் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுகிறார். நிரூபிக்கத் தவறியது அரசு. வேலையை இழப்பது விடுதலையானவர். இந்த விளக்கத்தை நீக்கக் கோருகிறோம்.

இழப்பீடு என்றால் புலனாய்வு அதிகாரிகள் அஞ்சித் தயங்குவார்கள் என்கிறார்கள். நேர்மையாகத் தவறிய அதிகாரியைத் தண்டிக்க நாங்கள் கேட்கவில்லை. பணம் தர வேண்டியது அரசு. சாட்சியத்தை மறைத்தவர், பொய்யாகச் சேர்த்தவர் மீது மட்டும் துறை நடவடிக்கையும் வழக்கும் வேண்டும். அந்த அச்சம் இருக்கத்தான் வேண்டும்.

கொலையுண்டவர்களின் குடும்பங்களை மறந்து பேசுகிறோம் என்று சிலர் எங்களிடம் வருத்தப்பட்டதுண்டு. அவர்களை நினைத்தும்தான் பேசுகிறோம். தவறான ஆளைச் சிறையில் வைத்திருந்த ஒவ்வொரு நாளும் உண்மைக் குற்றவாளியைத் தேடாத நாள். ஆகவே, கொலை வழக்கில் இப்படி விடுதலை வரும்போதெல்லாம், பழைய விசாரணையில் தொடர்பில்லாத அதிகாரிகளைக் கொண்டு புதிதாகப் புலனாய்வு நடத்தவும் அரசு உத்தரவிட வேண்டும். அது சுருளி வழக்கிலிருந்தே தொடங்கட்டும்.