ஆபீஸுக்குத் தெரியாத ரகசியம் அட்டிக்கில்... வீட்டுக்குத் தெரியாத ரகசியம் ஆபீஸில்!

புதுச்சேரி கோரிமேட்டில் சிவப்புத் தொப்பி ஒரு தினசரிக் காட்சி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அந்த 'கெப்பி' தொப்பியோடு போலீஸ்காரர்கள் டூவீலரில் கிளம்புவதும், இந்தப் பக்கம் ஜிப்மர் ஊழியர்கள் ஷிஃப்ட் மாறுவதும், எல்லை தாண்டினால் திண்டிவனம் ரோடு என்பதும் அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். போலீஸ் மைதானமும் காவலர் குடியிருப்பும் இருக்கிற ஏரியா என்பதால், "எங்க அப்பா போலீஸ்" என்று சொல்கிற பிள்ளைகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆனால், அந்த பதில் பாதிதான். ஆயுதப்படையா, டிராஃபிக்கா, ஸ்டேஷனா என்பதற்கெல்லாம் பதில் வரும். ஸ்பெஷல் பிராஞ்ச் என்றால் மட்டும் "டியூட்டிக்குப் போயிருக்கார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கே, எதற்கு என்று வீட்டிலும் கேட்க மாட்டார்கள்.

இந்த 'டியூட்டி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அமெரிக்காவில் 20 வருஷங்களுக்கும் மேலாக ஒரு கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் 'அமெரிக்கன் டாட்!'

2005 பிப்ரவரி 6. அமெரிக்காவே டி.வி முன்னால் உட்கார்ந்திருக்கும் 'சூப்பர் பௌல்' இறுதிப்போட்டி நாள். மேட்ச் முடிந்த கையோடு ஃபாக்ஸ் சேனல் இதன் முதல் எபிசோடை இறக்கியது. 'ஃபேமிலி கை' புகழ் சேத் மேக்ஃபர்லேன், மைக் பார்க்கர், மேட் வைட்ஸ்மேன் மூவரும் சேர்ந்து உருவாக்கிய தொடர். ஹீரோ ஸ்டான் ஸ்மித், சி.ஐ.ஏ ஏஜென்ட். மனைவி ஃபிரான்சின். அப்பாவின் அரசியலுக்கு நேர் எதிராகப் பேசும் மகள் ஹேலி, பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாத மகன் ஸ்டீவ். டோஸ்டரில் இருந்து பிரெட் துள்ளி வந்தால்கூட துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுகிற அளவுக்கு ஸ்டானுக்கு நாட்டின் பாதுகாப்பு மேல் அக்கறை!

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, யாரைப் பார்த்தாலும் சந்தேகம், எதைப் பார்த்தாலும் எச்சரிக்கை என்று அமெரிக்கா இருந்த காலம் அது. ஜார்ஜ் புஷ் ஆட்சி மீதான எரிச்சலில் இருந்து பிறந்த கதை என்பதை மேக்ஃபர்லேன் மறைத்ததில்லை. அரசாங்கத்தின் பயத்தை ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்துச் சிரித்தார்கள்.

சும்மா அரசியல் கிண்டலோடு நின்றிருந்தால், புஷ் போனதும் தொடரும் போயிருக்கும். போகவில்லை. 2014-ல் ஃபாக்ஸிலிருந்து டி.பி.எஸ் சேனலுக்கு மாறி, அங்கே பத்து வருஷத்துக்கு மேல் ஓடி, திரும்பவும் ஃபாக்ஸுக்கே வருகிறது என்று 2025-ல் அறிவிப்பு வந்தது. இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் சி.ஐ.ஏ அல்ல, அந்த வீடுதான்.

அந்த வீட்டில் ஸ்டானின் வேலை ரகசியமே இல்லை. மனைவி, பிள்ளைகள், அக்கம்பக்கம் என எல்லோருக்கும் தெரியும். ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டின் அட்டிக்கில், அதாவது கூரைக்குக் கீழே இருக்கும் அறையில், ரோஜர் என்று ஒரு வேற்றுகிரகவாசி ஒளிந்திருக்கிறார். 'ஏரியா 51'-ல் ஸ்டானின் உயிரைக் காப்பாற்றியவர். அந்த நன்றிக்கடனுக்காக, தான் வேலை பார்க்கும் சி.ஐ.ஏ-வுக்கே தெரியாமல் அவரை வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறார் ஸ்டான். நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மார்தட்டுகிற மனிதர், நாட்டுக்குத் தெரியக்கூடாத ஒன்றைத் தினமும் வீட்டில் வைத்துப் பூட்டுகிறார். போதாக்குறைக்கு, கண்ணாடித் தொட்டியில் கிளாஸ் என்றொரு தங்கமீன். கிழக்கு ஜெர்மனி பனிச்சறுக்கு வீரரின் மூளையை, அவர் தங்கம் வாங்கிவிடக் கூடாது என்று சி.ஐ.ஏ மீனுக்கு மாற்றிவிட்டதாம். அடப்பாவிகளா!

20 மணி நேரம்... 20 வருஷம்!

முதல் சீசனில் ஒரு எபிசோட். கல்யாண நாளை ஸ்டான் மறந்துவிடுகிறார். நம் ஊர் என்றால் அவசரமாக ஒரு முழம் மல்லிப்பூ, கால் கிலோ ஸ்வீட், ஹோட்டல் சாப்பாடு என்று சமாளித்திருப்பார்கள். ஸ்டான் என்ன செய்கிறார்? மனைவியை ஆபீஸுக்கு அழைத்துப்போய், கடைசி 20 மணி நேர ஞாபகத்தை மட்டும் அழித்துவிடச் சொல்கிறார். கருவி தப்பு செய்ய, 20 வருஷம் அழிந்துபோகிறது. ஃபிரான்சின் மறுபடி பழைய இளம்பெண்ணாகிவிடுகிறார். புருஷனையும் தெரியவில்லை, பிள்ளைகளையும் தெரியவில்லை.

சிரித்துக்கொண்டேதான் பார்க்க முடியும். ஆனால், கணவனின் வேலை கொடுக்கிற அதிகாரம் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன சீரியஸ் படம் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். இன்னொரு எபிசோடில் ஸ்டானின் அப்பா வருகிறார். சின்ன வயதில் தன்னை விட்டுப்போன அப்பா, நாட்டுக்காக ரகசிய வேலை பார்க்கத்தான் போனார் என்று நம்பியே ஸ்டான் வளர்ந்திருக்கிறார். உண்மையில் அந்த மனிதர் நகைத் திருடர். அப்பாவைப் பற்றிய ஒரு பொய்யை நம்பித்தான் மகன் ஏஜென்ட்டே ஆகியிருக்கிறார் என்று யோசித்தால், சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் சிக்கும்.

சரி, நம் பக்கம் வருவோம். கார்ட்டூனில் இப்படியொரு அப்பா நமக்கு இல்லை. வெப் சீரிஸில் இருக்கிறார். ராஜ் - டிகே இயக்கத்தில் 2019 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வந்த 'தி ஃபேமிலி மேன்' நாயகன் ஸ்ரீகாந்த் திவாரி. என்.ஐ.ஏ-வின் கற்பனைப் பிரிவான 'டாஸ்க்'கில் ஏஜென்ட். மனோஜ் பாஜ்பாய் அந்த மனிதராகவே வாழ்ந்திருப்பார். மனைவி சுசித்ராவாக பிரியாமணி. ஸ்டானின் கதை இங்கே அப்படியே தலைகீழ். ஆபீஸில் உயிரைப் பணயம் வைக்கிறவர், வீட்டைப் பொறுத்தவரை சலிப்பான கவர்ன்மென்ட் ஆபீஸ் உத்தியோகஸ்தர். அடுத்தவன் அப்பா கார் வாங்கிவிட்டார், நம் அப்பா ஏன் இப்படி என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். பதில் சொல்ல வாயிருந்தும் சொல்ல முடியாத நிலை.

2021 ஜூன் 4-ல் வந்த இரண்டாவது சீசன் சென்னைக்கே வந்தது. சமந்தா, தேவதர்ஷினி, மைம் கோபி, அழகம்பெருமாள், ரவீந்திர விஜய் என்று நமக்குத் தெரிந்த முகங்கள். 'செல்லம் சார்' உதய் மகேஷ் ஒரே வாரத்தில் இந்தியா முழுக்க மீம் ஆனார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற அந்த ஓய்வுபெற்ற உளவாளியை யாருக்குத்தான் பிடிக்காது!

ஆனால், எல்லோரும் சிரிக்கவில்லை. டிரெய்லர் வந்ததுமே எதிர்ப்பு கிளம்பியது. ஈழப் போராளியாக சமந்தா நடித்த ராஜி பாத்திரமும், ஈழத்தமிழர்களைப் பயங்கரவாதத்தோடு சேர்த்துக் காட்டிய விதமும் கோபத்தைக் கிளப்பின. வைகோ, சீமான் எதிர்த்தார்கள். தொடரைத் தடை செய்யச் சொல்லி அப்போதைய மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குத் தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ் மே 24-ல் கடிதம் எழுதினார். சமந்தாவுக்குப் பூசிய கறுப்பு மேக்கப்புக்கும் திட்டு விழுந்தது. அது நியாயமான திட்டுதான்.

இரண்டு தொடர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 'அமெரிக்கன் டாட்'டில் முட்டாள், அந்த ஏஜென்ட்தான். 'தி ஃபேமிலி மேன்' ஏஜென்ட்டோடு சேர்ந்து சிரிக்கிறது. அவரது லோனைப் பார்த்துச் சிரிக்கலாம், ஐ.டி கம்பெனியில் சின்னப் பையன் மேனேஜரிடம் அவர் பாட்டு வாங்குவதைப் பார்த்துச் சிரிக்கலாம். அவர் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பார்த்து மட்டும் சிரிக்கக் கூடாது. அந்த அதிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் நம் ஆட்கள் நின்றபோதுதான் தமிழ் ரசிகர்களுக்கு உறுத்தியது.

தெரியாத மனைவிகள்

தமிழ் சினிமாவில் உளவாளியின் வீடு இன்னும் இறுக்கம். 'விஸ்வரூபம்' (2013) நினைவிருக்கிறதா? நியூயார்க்கில் கதக் சொல்லிக்கொடுக்கும் கணவர் மேல் குறை கண்டுபிடிக்க, மனைவி துப்பறிவாளரை வைக்கிறார். அங்கிருந்துதான் எல்லா வினையும் ஆரம்பம். 'விக்ரம்' (2022) படத்தில் ஃபஹத் ஃபாசிலின் மனைவியாக வரும் காயத்ரிக்கு, கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதே தெரியாது. அந்த வேலைக்கான விலையை, எதுவும் தெரியாத அவர்தான் உயிராகக் கொடுக்கிறார். அதே படத்தில் வீட்டு வேலைக்காரம்மா திடீரென 'ஏஜென்ட் டீனா'வாக மாறியதும் தியேட்டர் அதிர்ந்தது. வசந்திக்கு விழுந்த அந்த விசிலுக்கு முன்னால், காயத்ரிக்காக யாரும் ரொம்ப நேரம் வருத்தப்படவில்லை.

நிஜத்தில் கதை இன்னும் மௌனமானது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததும் அதே 2005-ல்தான். ஆனால், அதன் 24-வது பிரிவு ஐ.பி, ரா போன்ற உளவு அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் குறித்த தகவல்களுக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. 2011-ல் என்.ஐ.ஏ-வும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்காவில் சி.ஐ.ஏ தலைமையகத்துச் சுவரில், பணியில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு புத்தகம், அதில் பெயர்கள். சில நட்சத்திரங்களுக்கு நேரே பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கிறது. இறந்த பிறகும் வெளியில் சொல்ல முடியாத வேலை.

2025 நவம்பரில் வந்த மூன்றாவது சீசனில் ஸ்ரீகாந்த் ஒருவழியாகத் தன் வேலை என்னவென்று குடும்பத்திடம் சொல்லிவிடுகிறார். மூன்று சீசன், ஆறு வருஷம் ஆகியிருக்கிறது அதற்கு! சொன்னபிறகு நிம்மதி வருகிறதா என்றால், அதுதான் இல்லை. தேடப்படும் குற்றவாளியாகிவிடுகிற அப்பாவோடு சேர்ந்து அந்தக் குடும்பமும் ஓட வேண்டியிருக்கிறது.

பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கார்ட்டூன்தானே என்று 'அமெரிக்கன் டாட்!'டைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு சமையல்கட்டுக்குப் போய்விடாதீர்கள். அது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கான சமாசாரம். பிள்ளைகள் தூங்கியபிறகு, மிக்ஸர் தட்டோடு பார்க்கலாம்.