ஒரு காலுக்கு ரெண்டு விலை!

அபாரமான ஆட்டக்காரர். ஆனால், அடிக்கடி காயம். வருஷத்தில் பாதி நாள் கோட்டு மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கைமாற்றிவிட அவருடைய டீம் ரெடி. வாங்கிப் போடலாமா, வேண்டாமா?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து உலகில் வருஷா வருஷம் கிளம்பும் சண்டை இது. வருஷா வருஷம் ஒரே பதில்தான் சத்தமாகக் கேட்கும். ‘‘வேணாம் சாமி! கண்ணாடி உடம்பு. கை வெச்சா உடையும்!’’

நான் சொல்கிறேன், தாராளமாக வாங்குங்கள். ஆனால், என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்த்து வாங்குங்கள். காயத்தைக் கண்டு நடுங்குகிற ஆசாமிகள் யாரும் விலையைக் கண்டு நடுங்குவதில்லை. கோட்டை விடுவது அங்கேதான்!

சும்மா சொல்லவில்லை. ஒரே மனிதர், ஒரே கால். ரெண்டு டீம்கள் ரெண்டு விலை கொடுத்தன. கேளுங்கள்.

2018. கனடாவின் டொரன்டோ ராப்டர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 59 ஜெயித்து, கிழக்குப் பிரிவில் முதலிடம். ஊரே கொண்டாடியது. அப்புறம் நாக் அவுட் கட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்டிடம் 4-0 என்று சுத்தமாகச் சுருண்டது. தொடர்ந்து மூன்றாவது வருஷமாக அதே கிளீவ்லாண்டிடம் உதை!

அதே நேரம் சான் அன்டோனியோவில் ஒருவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். கவாய் லெனர்ட். 2014 ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர். 2015, 2016 ரெண்டு வருஷமும் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2017-18 சீஸனில் தொடைத் தசையில் பிரச்னை. ஆடியது மொத்தமே 9 ஆட்டம். டீம் டாக்டர்கள் ஒன்று சொல்ல, அவர் வெளியில் வேறு டாக்டரைப் பார்க்க, உறவு கசந்துபோனது. அதோடு, அடுத்த ஒரு வருஷம் முடிந்தால் கான்ட்ராக்டை உதறிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்ற உரிமையும் அவர் கையில் இருந்தது.

‘காயக்காரர், அதுவும் ஒரு வருஷ விருந்தாளி. இவரையா வாங்குவது?’ என்று பலர் கேட்டார்கள். டொரன்டோவின் தலைவர் மசாய் ஊஜிரி வாங்கினார்.

கொடுத்தது என்ன? டிமார் டிரோசன், யாகோப் பூல்டில் என்ற இளைஞர், 2019-க்கான ஒரு டிராஃப்ட் உரிமை. கூடவே டேனி கிரீனும் டொரன்டோவுக்கு வந்தார்.

டிராஃப்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. ஒவ்வொரு வருஷமும் புதுப் பையன்களை டீம்கள் வரிசையாகப் பொறுக்கும். மோசமாக ஆடிய டீம்களுக்கு முன்வரிசை, நன்றாக ஆடியவர்களுக்குக் கடைசி வரிசை. அந்த உரிமையை முன்கூட்டியே இன்னொரு டீமுக்கு எழுதிக் கொடுக்கலாம். படித்தது காமர்ஸ் என்பதால் எனக்கு அது போஸ்ட் டேட்டட் செக்காகத்தான் தெரிகிறது. தேதி பின்னால். ஆனால், பணம் உங்களுடையது!

இந்த செக்கில் டொரன்டோ ஒரு நிபந்தனை எழுதியது. அந்த உரிமை முதல் 20 இடங்களுக்குள் வந்தால் தர மாட்டோம். அதாவது கவாய் காயம்பட்டு, டீம் குப்புற விழுந்தால், செக் செல்லாது. இந்தச் சின்ன வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், கொடுக்காமல் வைத்துக்கொண்டது. பாஸ்கல் சியாகம், ஓ.ஜி. அனுனோபி என்ற இரண்டு இளங்கன்றுகள் டொரன்டோவிலேயே இருந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் உலகத்துக்கே தெரியுமே! கவாயை 82-ல் 60 ஆட்டம்தான் இறக்கினார்கள். அடுத்தடுத்த நாளில் ஆட்டம் வந்தால் ஒன்றில் கட்டாய ஓய்வு. அவர் இல்லாத 22-ல் டீம் 17 ஜெயித்தது. பொத்திப் பொத்தி வைத்த காலை நாக் அவுட்டில் அவிழ்த்துவிட்டார்கள். 24 ஆட்டம், 732 புள்ளி. 2019 ஜூன் 13-ம் தேதி கோல்டன் ஸ்டேட்டை வீழ்த்தி, 4-2 என்று கோப்பை. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஓர் அணிக்கு அதுதான் முதல் என்.பி.ஏ. கோப்பை!

‘‘அட போங்க சார், அது அதிர்ஷ்டம்!’’ என்பீர்கள். மே 12-ம் தேதி ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராகக் கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து, வளையத்தில் நாலு முறை குதித்து உள்ளே விழுந்ததைச் சொல்வீர்கள். ஃபைனலில் எதிரணியின் கெவின் டுரான்ட்டுக்கும் க்ளே தாம்ப்சனுக்கும் பலத்த காயம் பட்டதைச் சொல்வீர்கள்.

நல்லதாகப் போயிற்று, அதையே பேசுவோம். தாம்ப்சன் அதுவரை காயமே அண்டாதவர் என்று பேர் வாங்கியவர். அன்றைக்கு விழுந்தவர் அடுத்த ரெண்டு சீஸன் முழுக்க ஆடவில்லை. ‘காயக்காரர்’ கோப்பையைத் தூக்கினார், ‘இரும்பு மனிதர்’ ஊன்றுகோல் ஊன்றினார். காயம் நாள் நட்சத்திரம் பார்த்து வருவதில்லை. அது உங்கள் கையில் இல்லை. விலை மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

‘‘ஒரே வருஷத்தில் ஓடிட்டாரே?’’ ஓடினார். டொரன்டோவுக்கு அது தெரியாதா? அது வாங்கியது கிரயம் இல்லை, ஒரு வருஷக் குத்தகை. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் முதல் போகமே கோப்பை விளைந்த பிறகு, பட்டா எங்கே என்று கேட்டால் எப்படி?

‘‘டிரோசனுக்கு செஞ்சது துரோகம் இல்லையா?’’ இதற்கு மட்டும் என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. ஒன்பது வருஷம் அந்த ஊருக்காக ஆடியவர், டீமின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். ஊஜிரியே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வலித்தது நிஜம். கணக்கு நோட்டில் அதற்குப் பத்தி கிடையாது. அதற்காக வலியே இல்லை என்று நடிக்கக் கூடாது.

இனி ரெண்டாவது விலை.

2019 ஜூலை. கவாய் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கு வருகிறார். கூடவே பால் ஜார்ஜை ஓக்லஹோமா சிட்டியிடமிருந்து கிளிப்பர்ஸ் வாங்குகிறது. அவரும் சூரர்தான். ஆனால், 2014-ல் கால் எலும்பு முறிந்தவர், 2019-ல் ரெண்டு தோளிலும் ஆபரேஷன் செய்துகொண்டவர். இந்த ஜோடிக்காக கிளிப்பர்ஸ் கொடுத்த விலை, டேனிலோ கலினாரி, 20 வயது ஷே கில்ஜஸ் அலெக்ஸாண்டர், முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் ஐந்து. போதாக்குறைக்கு, ரெண்டு வருஷம் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை வேறு. செக்குகளின் தேதி 2026 வரை நீண்டது. பெரும்பாலானவற்றில் நிபந்தனை என்று ஒரு வரி கிடையாது!

இங்கேதான் பி.காம். முதல் வருஷப் பையனுக்குக்கூடப் புரிகிற பொறி இருக்கிறது. காயம்பட்டால் டீம் தோற்கும். தோற்றால் டிராஃப்டில் உங்கள் இடம் முன்னால் வரும், அதன் மதிப்பு ஏறும். அதைத்தான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களே! அடி விழுகிற அன்றைக்கே மருந்துச் சீட்டையும் அடுத்தவனிடம் கொடுத்த கதை.

அப்படியே நடந்தது. 2021 ஜூனில் கவாயின் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2021-22 முழுக்க அவர் ஆடவில்லை. ஜார்ஜ் 31 ஆட்டம்தான். டீம் நாக் அவுட்டுக்கே போகவில்லை. அந்த வருஷத்து உரிமை 12-வது இடத்தில் வந்தது. ஓக்லஹோமா அதை வைத்து ஜேலன் வில்லியம்ஸைப் பிடித்தது. 2024-ல் ஜார்ஜ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார், பதிலுக்கு கிளிப்பர்ஸுக்குச் சல்லிக்காசு வரவில்லை. 2025-ல் கோப்பையைத் தூக்கியது யார்? ஓக்லஹோமா. அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர், கில்ஜஸ் அலெக்ஸாண்டர்!

கவாயின் கால் மேல் பழி போடாதீர்கள். டொரன்டோவில் கோப்பை தூக்கியதும் அதே கால்தான்.

‘காயக்காரர்’ என்ற முத்திரையும் மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து ஒதுக்குவது மாதிரிதான். கிரான்ட் ஹில்லைப் பாருங்கள். 2000-ல் உடைந்த கணுக்காலோடு ஆர்லாண்டோவுக்கு வந்தார். ஏழு வருஷ கான்ட்ராக்ட், சுமார் 9.3 கோடி டாலர். பதிலுக்கு டெட்ராய்ட்டுக்குப் போனவர்களில் ஒருவர் பென் வாலஸ். அவர் நாலு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கி, 2004-ல் கோப்பையும் தூக்கினார். ஹில் முதல் நாலு சீஸனில் ஆடியது 47 ஆட்டம். ‘முடிந்துபோன கதை’ என்றார்கள். 2007-ல் சொற்பச் சம்பளத்துக்கு ஃபீனிக்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2008-09-ல், 36 வயதில், 82 ஆட்டத்தில் 82-ம் ஆடினார்!

ஆகவே, டீம் முதலாளிகளே, ரசிகப் பெருமக்களே! அடுத்த முறை இப்படி ஒருவர் சந்தைக்கு வந்தால், எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து வாக்குவாதம் பண்ணாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அவர் இல்லாத நாளில் நம் டீம் நிற்குமா? நம் இளங்கன்றுகள் நம்மிடமே இருக்கிறார்களா? செக்கில் நிபந்தனை எழுதியாச்சா?

மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் பேனாவை மூடிவிடுங்கள். பிறகு அந்த மனிதர் வலியில் தரையில் உருளும்போது, ‘நம்ம காசு போச்சே’ என்று அவரைத் திட்டாதீர்கள். காசைத் தொலைத்தது அவர் கால் இல்லை, உங்கள் கை!